லித்தியம் ரத்தப் பரிசோதனை: 12 மணி நேரக் கணக்கு

பைபோலார் என்ற மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை ஆரம்பித்த வீடுகளில் முதல் குழப்பம் இந்தப் பரிசோதனையில்தான் வரும். சர்க்கரைக்குப் போல இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம். ஸ்டான்லியோ அயனாவரம் மனநல மருத்துவமனையோ, காலை ஓபிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்ததும் போடுங்கள். மறந்துவிடுமே என்று வீட்டிலேயே விழுங்கிவிட்டுக் கிளம்பினால் அளவு ஏறிக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால், தூக்கம் போய் பேச்சு கூடிய பிறகுதான் தப்பு தெரியும்.

வெளி லேபில் கொடுத்தால் டியூப் மூடியைப் பாருங்கள். பச்சை மூடி டியூப் பலவற்றில் ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசியிருக்கும். மருந்தே சாப்பிடாதவருக்கும் லித்தியம் காட்டும். சிவப்பு மூடி சரி. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

டோஸ் மாற்றினால் 5 முதல் 7 நாள் கழித்துப் பார்க்க வேண்டும். மறுநாளே பார்த்துப் பயனில்லை. தொடர்ந்து சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் லித்தியம் அளவைப் பொதுவாக 0.6 முதல் 0.8 mmol/L வரை வைப்பார்கள், சிலருக்கு 1.0 வரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகம்), டிஎஸ்எச் (தைராய்டு), கால்சியம் பரிசோதனை.

அளவு திடீரென ஏறுவது பெரும்பாலும் மாத்திரை கூடியதால் இல்லை. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காசிமேட்டில் வெயிலில் வலை இழுப்பவர், துறைமுகத்தில் சுமை தூக்குபவர் மே மாதத்தில் கவனமாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கும் அப்படித்தான். பிரஷருக்காக உப்பைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. முதுகு வலிக்கு மருந்துக் கடையில் சும்மா வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் அளவை ஏற்றும், பாராசிட்டமால் பரவாயில்லை. பிரஷர் மாத்திரைகளான லோசார்டான், எனலாப்ரிலும் அளவை ஏற்றும், அவற்றை எழுதும் டாக்டரிடம் லித்தியம் ஓடுகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கையில் லேசான நடுக்கம் பலருக்கும் இருக்கும். கை வெலவெலத்து, நாக்கு குழறி, நடை தள்ளாடி, வாந்தியும் சேர்ந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்ற நேரத்தில் தானாக நிறுத்தாதீர்கள். சட்டென நிறுத்தினால் மேனியா (தூக்கம் குறைந்து பேச்சும் வேகமும் கூடும் நிலை) திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ராத்திரி சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் மாத்திரை போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் பேனாவால் எழுதி வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.