நாட்யூல் தப்பிப் போகும் இடங்கள்

நுரையீரல் சி.டி.யில் மென்பொருள் நாட்யூல் என்ற சிறு முடிச்சு ஒன்றைத் தவறவிட்டால் எல்லோரும் முதலில் படத்தைப் படிக்கும் ஏ.ஐ. மாடலைத்தான் திட்டுவார்கள். அதற்கு முன் படக்கோப்போடு வரும் ஸ்கேன் விவரங்களான டைகாம் ஹெடரைத் திறந்து ஸ்லைஸின் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின்) தடிமனைப் பார்ப்பது நல்லது. 5 மி.மீ. தடிமனில் 4 மி.மீ. நாட்யூல் ஓரிரு ஸ்லைஸில்தான் வரும். அதுவும் சுற்றியுள்ள காற்றோடு கலந்து மங்கலாக. பிறகு 1 மி.மீ.க்கு ரீசாம்பிள் செய்தாலும் (இருக்கும் படத்தையே கணக்கிட்டு மாற்றினாலும்) போனது போனதுதான். 1 மி.மீ. ஸ்லைஸ் வேண்டுமென்றால் ஸ்கேனர் கன்சோலில் ரா டேட்டா (படமாக்கும் முன்புள்ள மூல அளவீடு) இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஸ்லைஸ்களுக்கு இடையிலுள்ள தூரத்தை ஹெடரின் தடிமன் புலத்திலிருந்து எடுக்கக் கூடாது. ரா டேட்டாவிலிருந்து ஸ்லைஸ்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி உருவாக்கும் ரீகன்ஸ்ட்ரக்ஷனில் தடிமன் 2 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. என்று இருக்கலாம். ஒவ்வொரு ஸ்லைஸின் இருப்பிட ஆயத்தொலைவை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த வித்தியாசத்தைப் பார்த்தால், நடுவில் ஒரு ஸ்லைஸ் வராமல் போனதும் அங்கேயே பிடிபடும். கோப்புப் பெயர் வரிசையை நம்பி நுரையீரலைத் தலைகீழாகப் படித்த மாடல்களும் உண்டு.

அதிகம் கோட்டைவிடுவது நுரையீரலைத் தனியே பிரிக்கும் மாஸ்க்கில்தான். சி.டி.யின் அடர்த்தி எண்ணான ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் காற்று −1000, மென்திசு பூஜ்யத்துக்குச் சற்று மேலே. நடுவில் −400 அல்லது −500இல் வெட்டினால் நுரையீரல் அழகாகப் பிரிந்துவரும். ஆனால் நுரையீரலின் உறையான பிளூராவை ஒட்டிய நாட்யூலும் மார்புச்சுவரோடு சேர்ந்து வெளியே போய்விடும். மாஸ்க்கில் அந்த இடம் உள்ளே குழிந்த விளிம்பாகத் தெரியும். மாஸ்க்குக்கு வெளியே மாடல் தேடுவதே இல்லை. விளிம்புக் குழிகளை மூடும் குளோசிங் என்ற உத்தியால் குழியை நிரப்பலாம். அதன் ஆரத்தைக் கூட்டினால் விலா எலும்பும் நெஞ்சின் நடுப்பகுதியான மீடியாஸ்டைனமும் உள்ளே நுழைந்து, மாடல் போடும் தவறான குறிகள் பெருகும். இரண்டில் ஒன்று என்றால் குறிகள் பெருகட்டும். நாட்யூல் தொலையக் கூடாது.

பழைய காசநோய்த் தழும்புகள் இந்தியாவில் தனித் தலைவலி. மேல்மடல் ஃபைப்ரோசிஸ் (நார்த் தழும்பு), சுண்ணாம்பேறிய கிரானுலோமா (பழைய தொற்று விட்டுப்போன முடிச்சு) எல்லாவற்றிலும் மாடல் வட்டம் போடும். கிரானுலோமாவும் உருவத்தில் நாட்யூல்தான், மாடலைக் குறை சொல்ல முடியாது. அடர்த்தி எண்ணையும் குறியோடு சேர்த்துக் காட்டினால், சுண்ணாம்பேறியது என்று தெரிந்து டாக்டர் ஒரு பார்வையில் தாண்டிப் போவார்.

இனி மாடல்களுக்குப் போடும் மதிப்பெண் விவகாரம். அமெரிக்காவின் எல்.ஐ.டி.சி. என்ற நுரையீரல் சி.டி. தொகுப்பில் 1018 ஸ்கேன்கள், ஒவ்வொன்றையும் பார்த்தவர்கள் நான்கு ரேடியாலஜிஸ்டுகள். ஒருவராவது 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று குறித்த நாட்யூல்கள் 2669; நால்வரும் அப்படிக் குறித்தவை 928 மட்டுமே. அதிலிருந்து எடுத்த லூனா16 என்ற நாட்யூல் தேடும் போட்டியில் 888 ஸ்கேன்கள், மூவராவது ஏற்ற 1186 நாட்யூல்கள். ஒருவரோ இருவரோ மட்டும் குறித்தவை கணக்கிலேயே இல்லை: கண்டாலும் மதிப்பெண் கிடையாது, தவறென்றும் எண்ணமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே வரும் ஒவ்வொரு குறியையும் யாராவது திறந்து பார்த்தாக வேண்டும்.

போட்டியின் மதிப்பெண், ஸ்கேனுக்கு 1/8 தவறான குறி முதல் 8 வரை ஏழு புள்ளிகளில் கிடைக்கும் சென்சிட்டிவிட்டியின் (உள்ள நாட்யூல்களில் எத்தனை பங்கு பிடிபட்டது என்பதன்) சராசரி. ஸ்கேனுக்கு 8 என்றால், நாளுக்கு 30 ஸ்கேன் பார்ப்பவருக்கு 240 வீண் குறிகள். இரண்டாவது வாரத்தில் அவர் மென்பொருளை மூடிவிடுவார். வாங்கும்போது சராசரியை விட்டுவிட்டு, ஸ்கேனுக்கு ஒரு தவறான குறி என்ற புள்ளியில் சென்சிட்டிவிட்டி எவ்வளவு என்று கேளுங்கள். அதையும் உங்கள் ஸ்கேனரில் எடுத்த படங்களில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.