நகைக்கு உடனே காசு, வயலுக்கு ஏன் இழுபறி?

கிளிநொச்சியில் நகையை அடைவு வைக்கப் போனால் அன்றைக்கே காசு கைக்கு வரும். அதே கிளையில் காலபோகத்துக்குப் பயிர்க்கடன் கேட்டால் இழுபடும். முகாமையாளரைக் கோபிப்பதில் பலனில்லை. வங்கி எவ்வளவு இடரைத் தாங்கும் என்பதில் பெரும்பகுதி கொழும்பிலேயே முடிவாகிவிடுகிறது.

மத்திய வங்கியின் பாசல் 3 விதிப்படி (வங்கி மூலதனத்துக்கான சர்வதேச நெறி அது), கடன் முதலிய சொத்துகளுக்கு இடருக்கேற்ப நிறை கொடுத்துக் கணக்கிட்ட தொகையில் குறைந்தது 12.5 வீதம் மூலதனம், அதாவது வங்கியின் சொந்தப் பணம், இருக்க வேண்டும். பெரிய வங்கிகளுக்கு அதைவிடக் கூட. 100 வீத நிறையுள்ள ஒரு கோடி ரூபாய்க் கடனுக்குப் பன்னிரண்டரை இலட்சம் மூலதனம் முடங்கும். அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் ரூபாய்த் திறைசேரி உண்டியலுக்கு நிறை பூச்சியம், ஒரு சதமும் முடங்காது. 2022 கடைசியில் மூன்று மாத உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டி நின்றது. அந்த நேரம் வயலுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கிக்கு மனம் வரும்?

வங்கி எவ்வளவு இடர் எடுக்கிறது என்று வைப்பாளரும் கேட்பதில்லை. 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. அதனால்தான் மூலதன விதி இறுக்கமாக இருக்க வேண்டும் என்பேன்.

வன்னிக்கே உரிய சிக்கல் பிணையில் இருக்கிறது. குடியேற்றத் திட்டங்களில் பல காணிகள் உறுதிக் காணியல்ல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணி. கடன் முறிந்தால் வங்கி நினைத்தபடி ஏலத்தில் விற்க முடியாது. ஆகவே ஆள்பிணை கேட்கிறார்கள். பிணை நிற்பவர் யார்? பக்கத்து வயல்காரர். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கடன்காரர் வயலும் பிணைகாரர் வயலும் சேர்ந்தே மூழ்கின. ஒரே குளத்துத் தண்ணியை நம்பும் இரண்டு பேர் கையெழுத்து வைத்தாலும், வங்கிக்கு அது ஒரு பிணைதான். நூறு சின்னக் கடன்கள் ஒரே கிழமையில் முறியும். பிரித்துக் கொடுத்ததில் பயனிருக்காது.

அடுத்தது தவணை. ஒக்டோபரில் விதைத்தவருக்குக் காசு வருவது பெப்ரவரி, மார்ச்சில். மாதத் தவணை போட்டால் அறுவடைக்கு முன்னரே கடன் பிந்திவிடும். 30 நாள் பிந்தினாலே, கடன் திரும்பாமல் போகலாம் என்று வங்கி எடுத்து வைக்கும் நட்ட ஒதுக்கீடு பொதுவாகக் கூடும். 90 நாளில் அது செயற்படாக் கடன். விளைச்சல் நன்றாக இருந்தாலும் ஏட்டில் அது கெட்ட கடன்தான், அடுத்த போகத்தில் அந்தக் கிளை கையை இறுக்கிவிடும்.

ஆகவே விண்ணப்பிக்கும்போதே அறுவடைக்குப் பிந்திய ஒற்றைத் தவணையைக் கேளுங்கள். இரண்டு பிணைகாரரில் ஒருவராவது ஆசிரியராகவோ வேறு மாதச் சம்பளக்காரராகவோ இருக்கட்டும். அவர் ஏற்கெனவே எத்தனை பேருக்குப் பிணை நிற்கிறார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.