கேபிள் கவ்வியும் ஓட்டோ பெல்ட்டும்: பேட்டன்ட் போடப் போய் அலைஞ்ச கதை

நேத்து வெள்ளெனத்தான் கொழும்பில இருந்து வந்து இறங்கினன், இடுப்பு இன்னும் பஸ் சீட்டிலதான் கிடக்கு. ஆனா கையில பேட்டன்ட் விண்ணப்பத்திட சீல் குத்தின கொப்பி ஒண்டு இருக்கு, மூணாவது தடவை போய் எடுத்தது. மட்டக்களப்புப் பக்கமிருந்து இந்த வேலைக்கு ஆரும் வெளிக்கிட்டா எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கப்படாது எண்டுதான் எழுதுறன்.

நான் களுவாஞ்சிகுடி, வயரிங் வேலை. பைப்புக்குள்ளால தடிச்ச கேபிள் இழுத்தவங்களுக்குத் தெரியும், கையால இழுத்தா வழுக்கும், குறட்டால பிடிச்சா மேல் ரப்பர் காயப்படும். அதுக்கு நானே ஒரு கவ்வி செஞ்சன். முட்டை மாதிரி ஒருபக்கம் புடைச்ச ரெண்டு இரும்புத் துண்டு, நடுவில கேபிள், இழுக்க இழுக்க துண்டு ரெண்டும் உள்ளுக்கு கிறுகி இறுக்கும், விட்டா தளரும். பல்லு வெட்டாம டியூப் ரப்பர் வச்சு ஒரு காடி (பள்ளம்) எடுத்ததுதான் என்ட வேலை. இதப் பாத்துப்போட்டு ஓட்டோ ஓடுற மச்சான், "இதயே பெரிசாச் செஞ்சு பின் சீட்டில பள்ளிக்கூடப் புள்ளயளுக்கு பெல்ட் போட ஏலாதா" எண்டு கேட்டார். செஞ்சம். பெல்ட் மெதுவா வந்தா விடும், வெடுக்கெண்டு இழுத்தா கவ்வும்.

முதல் பிழை இஞ்சயே நடந்தது. ஊர்க் கந்தோர் ஒண்டில போய் "நான் கண்டுபிடிச்சதுக்கு உரிமை எடுக்கோணும்" எண்டு கேட்டா, அங்க இருந்தவர் தலைய நிமித்தாமலே வியாபாரப் பெயர்ப் பதிவுப் படிவத்தக் கையில தந்துட்டார். நானும் ஜீஎஸ்ஸ (கிராம சேவகர) பிடிச்சு, கடிதம் எடுத்து, மூணு கிழமை திரிஞ்சு சேட்டிபிக்கட் எடுத்து கண்ணாடிச் சட்டமும் போட்டன். அது கடைப் பேருக்குத்தான், கவ்விக்கு இல்ல எண்டு ஒரு வாத்தியார் சொன்ன பிறகுதான் தெரியும். தமிழ்ல பேட்டன்டுக்கு ஆக்கவுரிமை எண்டு பேர், அந்தச் சொல்லச் சொல்லிக் கேளுங்க, சும்மா உரிமை எண்டா எதையாவது தந்து விட்டுருவாங்க.

ரெண்டாவது, கொழும்பில ஒருத்தர் எல்லாம் எழுதித் தாறன் எண்டு 15,000 வாங்கினார். நான் நம்பி ராத்திரி பஸ் ஏறிப் போயித்து அவர் தந்த கட்ட அப்படியே நீட்டினன். பேட்டன்ட் கந்தோர்க் கவுண்டரில இருந்த மேடம் நாலு பக்கம் பிரட்டிப்போட்டு, "தம்பி இதில விபரம் இருக்கு, கோரிக்கை எங்க?" எண்டு கேட்டா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. மறுகா அவவே விளங்கப்படுத்தினா, நான் எனக்கு விளங்கின மாதிரிச் சொல்றன்: காணி உறுதில வடக்கு இன்னார் வளவு, கிழக்கு றோட்டு எண்டு எல்லை எழுதுவாங்களே, அதுதான் கோரிக்கை. காணில என்னென்ன மரம் நிக்கு எண்டு பத்துப் பக்கம் எழுதினாலும் எல்லை எழுதாட்டி உறுதி செல்லாதே. அதவிடக் கேவலம், படம் எண்டு அவர் வச்சது ஏதோ ஜப்பான் காரிட பெல்ட் படம், இன்டர்நெட்ல இருந்து இறக்கினது! காச இண்டைக்கு வரைக்கும் திருப்பித் தரல்ல, போன் அடிச்சா எடுக்கிறதும் இல்ல.

அதோட இன்னொரு விசயமும் பிடிபட்டது. கவ்வியும் பெல்ட்டும் ஒரே விண்ணப்பத்தில போட ஏலா. ஒண்டுக்கொண்டு ஒரே கருத்தால கட்டுப்பட்டிருந்தாத்தான் சேக்கலாம், இல்லாட்டி ரெண்டு விண்ணப்பம், ரெண்டு பீஸ். ரெண்டும் கேம் (கிறுகி இறுக்கிற அந்த முட்டைத் துண்டு) தானே எண்டு வாதாடிப் பாத்தன், எடுபடல்ல. வெறுங்கையோட வீட்ட வந்தன்.

வந்து செஞ்ச ஒரே புத்தியான வேலை கூகுள் பேட்டன்ட்ஸ்ல தேடினது, அது சும்மா தேடலாம், காசில்லை. ரெண்டு நாள் சோறு இறங்கல்ல. ஆளக் கொளுக்கி போட்டுக் கட்டி வைக்கிற பாதுகாப்பு பெல்ட்டுக்கு அமெரிக்காவில 1885லயே எட்வர்ட் கிளாக்ஹோர்ன் எண்டவர் பேட்டன்ட் எடுத்திருக்கார். இப்ப காரில போடுற மூணு முனை பெல்ட் 1959ல வொல்வோ இஞ்சினியர் நில்ஸ் போலின் செஞ்சது, அத மத்தக் கம்பனியளும் பாவிக்கட்டும் எண்டு வொல்வோ திறந்து விட்டது. காத்துப் பை (எயார் பேக்) கூட ஜோன் ஹெட்ரிக் 1953ல எடுத்துட்டார். வெடுக்கெண்டு இழுத்தா பூட்டுற சங்கதி ஒவ்வொரு கார் பெல்ட்டுக்குள்ளயும் இருக்கு, என்டத விட ஆயிரம் மடங்கு திறமா. கணக்கும் போட்டுப் பாத்தன்: 25 கிலோ புள்ள, மணிக்கு 40 கிலோமீற்றர், 0.1 செக்கன்ல ஓட்டோ நிண்டா பெல்ட்டில விழுற இழுவை 280 கிலோவுக்குக் கிட்ட. என்ட வெல்டிங் அதத் தாங்குமா எண்டு எனக்கே நம்பிக்கை இல்ல. பெல்ட்ட விட்டுட்டன், மச்சானுக்கும் கழட்டச் சொல்லிட்டன், அவருக்கு இன்னும் கோவம்.

கவ்விலயும் முக்கால்வாசி போச்சு. இழுக்க இறுக்கிற கேம் பழசு. வலைச் சொக்ஸ் மாதிரி கேபிளுக்கு மாட்டுற கவ்விய விவியன் கெலம்ஸ் எண்ட பொம்பள 1927ல கம்பனி போட்டே வித்திருக்கா. எனக்கு மிஞ்சினது அந்த ரப்பர் காடியும், அதக் கழட்டி மாத்துற விதமும்தான். சரி, அவ்வளவுக்கு எல்லை எழுதுவம் எண்டு நானே குந்தி ஆறு இரவு எழுதினன், படம் எங்கட டெக்னிக்கல் கொலிஜ்ல படிக்கிற புள்ள ஒண்டு கீறித் தந்தா.

ரெண்டாம் தடவை போனது வீண். படத்தில இலக்கம் போட்டிருக்கு, விபரத்தில அதே இலக்கம் இல்ல. 4 எண்டு படத்தில இருக்கிறது எழுத்தில 6. மட்டக்களப்பில பாத்திருந்தா அஞ்சு நிமிச வேலை, அதுக்கு எட்டு மணித்தியாலப் பயணம். ஆரையும் குத்தம் சொல்ல ஏலா, என்ட பிழை.

மூணாம் தடவை அரை மணித்தியாலத்தில முடிஞ்சுது.

பயம் ஒண்டு மட்டும் கடைசி வரைக்கும் இருந்தது: கவ்விய வீடியோ எடுத்து எட்டு மாசத்துக்கு முதல் பேஸ்புக்கில போட்டிருந்தன். 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நாமளே வெளியில விட்டிருந்தா அதில இருந்து ஒரு வருசத்துக்குள்ள விண்ணப்பிச்சாச் சரி, தப்பினன். ஆனா ஐரோப்பாவில அந்தச் சலுகை இல்ல, அங்க போடுற யோசனை இருந்தா வாயத் திறக்காதீங்க, லைக்குக்கு ஆசைப்படாதீங்க.

கிடைச்சா 20 வருசம், இடையில புதுப்பிக்கிற காசு கட்டோணும், கட்டாட்டி போயிரும். இன்னும் சோதனை எல்லாம் இருக்கு, அது எப்ப முடியுமோ. இண்டைக்குக் காலமை சந்திக் கடையில கொப்பி எடுக்கக் குடுத்தா, பொடியன் ஒறிஜினல லெமினேட் மெசினுக்குக் கிட்டக் கொண்டு போயிட்டான், பாய்ஞ்சு பறிச்சன்.