பட்டாளத்து லாரிக்கு ஒரு ஏணி

அந்த வண்டி எங்கள் பட்டறைக்கு ஓடி வரவில்லை. டிரெய்லர் மேல் ஏறி வந்தது. அசோக் லேலண்ட் ஸ்டாலியன், ஃபோர் வீல் டிரைவ். ராணுவம் கழித்துக் கட்டி ஏலம் விட்ட கண்டம் வண்டி. நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்புக்குறியும், அதையடுத்து பட்டாளத்தில் சேர்ந்த வருடத்தின் இரண்டு இலக்கமும் இன்னும் அழியாமல் இருந்தன. மீட்டரைப் பார்த்துவிட்டு என் உதவியாள் பையன் சிரித்தான். மணல் லாரிக்காரன் ஒன்றிரண்டு வருடத்தில் ஓட்டித் தீர்க்கிற கிலோமீட்டர்தான் காட்டியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடித் தேய்ந்த வண்டியைவிட நின்று கெட்ட வண்டிக்குத்தான் வேலை அதிகம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருப்பார்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இந்த வண்டியின் டயர்களில் தரையைப் பிடிக்கிற பட்டன் தேயாமல் நிறைய இருந்தது, ஆனால் பக்கச்சுவர் கோடை ஏரி மாதிரி வெடித்திருந்தது. ஆயில் சீல், பிரேக் டயாப்ரம், ஹோஸ் என்று ரப்பரில் செய்த எல்லாமே அதே நிலைதான்.

வாங்கியவர் முடிச்சூர் பக்கம் தண்ணீர் லாரி வைத்திருப்பவர். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு எங்கள் பக்கத்துத் தெருக்களில் நடுவீட்டுக்குள் ஓடியது. அவர் குடும்பத்தோடு மொட்டை மாடியில் நின்றபோது தூரத்தில் பட்டாள லாரி ஒன்று தண்ணீரைப் பிளந்துகொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். தன்னிடம் இருந்த மூன்று டேங்கர் லாரியும் ஷெட்டிலேயே மூழ்கிக் கிடந்தன. "அண்ணே, நமக்குன்னு ஒண்ணு இருக்கணும்ணே" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தவர், 2017இல் ஒருநாள் வண்டியை ஏலத்தில் எடுத்த ரசீதோடு வந்து நின்றார்.

காகித வேலையைப் பற்றிச் சொன்னால் தனிப் புராணமாகிவிடும், விடுங்கள். ஒன்று மட்டும்: ராணுவம் தவிர யாரும் வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதியே இருக்கிறது. அதனால் முதல் வேலையாகப் பச்சையைச் சுரண்டி மஞ்சள் அடித்தோம். பின் அச்சின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் கிரவுன் உருண்டையில் இருந்த வெள்ளைப் பெயிண்டை மட்டும் நான் தொடவில்லை. ராத்திரியில் விளக்கை அணைத்துக்கொண்டு வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிறவன் பார்த்துத் தொடர்வதற்காக அடித்தது அது. மேலே குட்டி பல்பு ஒன்றும் உண்டு. அந்த பல்பு இன்றைக்கும் எரிகிறது.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றும் டீசலும் போதும். அதனால் தண்ணீரில் அது அவ்வளவு லேசில் அணையாது. ஆனால் காற்று இழுக்கிற வாயில் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடுதான் வளையும். ஏர் கிளீனர் வாயைக் கேபின் கூரைக்கு மேல் கொண்டுபோனோம். சைலன்சரையும் மேல்நோக்கித் திருப்பினோம். 24 வோல்ட் வண்டி என்பதால் பேட்டரி இரண்டு. அவற்றைச் சேஸிஸ் சட்டத்திலிருந்து எடுத்துக் கேபினுக்குப் பின்னால் உயரத்தில் உட்கார வைத்தோம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடலாமே என்றான் பையன். கழற்றினால் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடும். அதற்குப் பதிலாக முன் கிரில்லில் தார்ப்பாய் கட்டினோம். மெதுவாக, ஒரே சீராகப் போனால் வண்டிக்கு முன்னால் ஓர் அலை எழும்பும். அதற்குப் பின்னால் இன்ஜின் பக்கம் தண்ணீர் கொஞ்சம் பள்ளமாக நிற்கும். ஃபேன் தண்ணீரை வெட்டாது.

இவ்வளவும் செய்துவிட்டுப் பெருமையாக ஏரிக்கு ஓட்டிப் போனேன். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் முக்கால் மணி நேரம் விரட்டி, அப்படியே தண்ணீருக்குள் இறக்கினேன். அச்சு முங்கப் பத்து நிமிஷம் நின்றது, இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. ஓனர் கரையில் நின்று விசில் அடித்தார்.

மறுநாள் காலை ஏதோ உறுத்தலில் பின் கிரவுனின் வடிகால் போல்ட்டைத் திருகினேன். தட்டில் விழுந்தது ஆயில் இல்லை, தண்ணீர் கலந்த பால் காபி. முன் கிரவுனிலும் அதே காபி. ஓடிச் சூடான கிரவுன் கூடு சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் எங்கிருந்தாவது இழுக்கும். மூச்சு விடுவதற்கென்று மேலே இருக்கும் பிரீதர் தண்ணீருக்கடியில்தான் இருந்தது, அது வழியாக இழுத்துக்கொண்டது. மிச்சத்துக்குப் பழைய சீல் வழிவிட்டது. முப்பது வருஷ மெக்கானிக்குக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அவசரத்தில் விட்டுவிட்டேன். இரண்டு கிரவுன், கியர் பாக்ஸ், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்குக்கும் பிரீதரில் நைலான் ஏர் டியூப் மாட்டி, கேபின் முதுகு வரை ஏற்றிக் கட்டினேன். சீல் எல்லாம் புதிது. ஆயிலுக்கான காசை ஓனரிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஸ்டார்ட் செய்து பார்ப்போம், நிறுத்துவோம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அன்று சாயங்காலம் முடிச்சூரை ஒட்டிய வரதராஜபுரத்துக்குள் வண்டியை இறக்கினோம்.

வண்டி நான் கற்றுக்கொடுத்த மாதிரியே போனது. முன்னால் அலை அழகாக எழும்பியது. இரண்டாவது தெருவில் ஒரு ஜன்னலிலிருந்து ஆள் கத்தினார்: "லாரிய நிறுத்துய்யா! கட்டில் மேல ஏறுது தண்ணி!" இன்ஜினைக் காப்பாற்றுகிற அதே அலைதான் இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு காம்பவுண்ட் சுவர் எங்கள் கண்ணெதிரே சாய்ந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸை லோ கியரில் போட்டு ஊர்ந்தோம். அலை படுத்தது, ஃபேன் தண்ணீரை அடிக்கத் தொடங்கியது. ரேடியேட்டர் என்ன ஆகுமோ என்று வயிற்றில் புளி கரைந்தது. ஒன்றும் ஆகவில்லை. பையன் இடுப்பில் கயிறு கட்டி முன்னால் நடந்தான், மூங்கில் கழியால் சாக்கடைக் குழியைத் துழாவிக்கொண்டே.

முதல் வீட்டில் ஒரு பாட்டி. பின் கதவைத் திறந்தோம். ஆள் ஏறுகிற பின் தொட்டியின் தரை என் நெஞ்சுக்கு வருகிறது. பட்டாளத்துக்குச் செய்த வண்டி, இருபது வயசுப் பையன்கள் ஒரு காலை ஊன்றி எம்பி ஏறுவார்கள். ஏற்கெனவே இருந்த இரும்புப் படி ஒன்று, அதுவும் தண்ணீருக்கடியில். பாட்டிக்கு முட்டி மடங்கவில்லை. சேலை வேறு நனைந்து காலைச் சுற்றிக்கொண்டது. "என்னை இங்கயே விட்டுடுப்பா, நான் மாடியிலயே இருந்துக்கறேன்" என்றார். ஓனரும் நானும் சாப்பாட்டு மேசையைத் தூக்கி வந்து போட்டு, அதன்மேல் நாற்காலி வைத்து ஏற்றினோம். அந்த ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம். மேசையையும் தொட்டியில் போட்டுக்கொண்டுதான் அடுத்த வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு ராத்திரி வண்டி ஓடிய நேரத்தைவிட ஆள் ஏற்ற நின்ற நேரம்தான் அதிகம். கைக்குழந்தைக்காரிகள், டயாலிசிஸ் பண்ணிக்கொள்கிற ஒருவர், வீட்டை விட்டு வரமாட்டேன் என்ற ஒரு தாத்தா. ஆறு வருஷம் தண்ணீருக்கு மட்டுமே தயார் செய்திருந்தேன்.

வெள்ளம் வடிந்ததும் நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் பிரித்தேன். உள்ளே ஒரு கைப்பிடிச் சேறும் பால் பாக்கெட் கவரும். ஹப் கிரீஸ் எல்லாம் வழித்தெறிய வேண்டியிருந்தது. கிரவுன் ஆயில் மட்டும் தேன் மாதிரி சுத்தமாக வந்தது. அதைப் பையனிடம் தட்டோடு நீட்டிக் காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டு, "படிக்கு என்னண்ணே பண்ணப் போறோம்?" என்றான்.

வெல்டிங் கடைக்காரர் ஏணிக்கு அளவு கேட்டார். அகலம் சொல்லிவிட்டேன், கைப்பிடிக் குழாய் சொல்லிவிட்டேன். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எத்தனை அங்குலம் என்றார். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் பட்டறைக்குக் கூட்டி வந்தேன். செங்கலை ஒவ்வொன்றாக அடுக்கி, "இதுல கால் வைம்மா" என்றேன். இரண்டு கல்லுக்கு ஏறினாள். மூன்றாவது கல் வைத்ததும் என் தோளைப் பிடித்தாள். இரண்டு கல் உயரத்தை டேப் வைத்து அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்.