மலை முதுகுக்கு இந்தப் பக்கம்

ஒக்டோபர் 12, 2025, ஞாயிறு

கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி, அம்மாவின் கணக்கில் தீபாவளிக் காசு போட்டிருந்தான். வந்து சேர்ந்ததா என்று வங்கி ஆப்பில் பார்க்க முயன்றே இன்றைய பொழுது போய்விட்டது.

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) வலது மூலையில் நின்றால் என் சிம் எடுக்கும். அம்மாவுடையது வேறு கம்பனி. அது மாரியம்மன் கோயில் மேட்டில் மட்டும்தான் எடுக்கும், அங்கே என்னுடையது செத்துவிடும். ஆப்பைத் திறக்க டேட்டா இருப்பது என் போனில், ஓடிபி வருவது அம்மாவின் நம்பருக்கு. பக்கத்துக் காம்பராப் (அறைப்) பையனை மேட்டில் நிறுத்தி, வரும் எண்ணைக் கத்திச் சொல்லச் சொன்னோம். அவன் கத்தி, நான் அழுத்தி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. திரும்பக் கேட்டால் திரும்பவும் அதே கதை. இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் எங்களுக்கு அதை லயம் முழுக்கக் கேட்கும்படி கத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

வங்கிக்கு நேரில் போய் நம்பரை மாற்றலாம் என்றேன். "ஒருநாள் பேர் போயிரும் பிள்ளை" என்றார் அம்மா. கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் ஏது?

ஒக்டோபர் 14, செவ்வாய்

"பனி வந்தா கவரேஜ் போயிருதே, ஏன் டீச்சர்?" என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் மலையை வரைந்தேன்.

குற்றம் பனியுடையது இல்லை. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். கண்ணுக்கே சரியாகத் தெரியாத பனித்துளி அதை என்ன செய்துவிடும்? தடுப்பது மலைதான். பழைய 2ஜி டவர் ஒன்று, தட்டையான நிலத்தில் 35 கிலோமீற்றர் வரை எட்டக்கூடியது. இங்கே டவருக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு மலை முதுகு படுத்திருந்தால் இரண்டு கிலோமீற்றர்கூடத் தாண்டாது. அதிர்வெண் கூடக் கூட அலை குட்டையாகும், மலை விளிம்பில் வளைந்து இறங்குவதும் குறையும். அதனால்தான் 4ஜி போன பிறகும் 2ஜி ஒரு கோடாவது காட்டிக்கொண்டு நிற்கிறது.

கடும் மழை வேறு விஷயம். டவரும் டவரும் தட்டு அன்ரனா வைத்துப் பேசிக்கொள்ளும் நுண்ணலை, சில சென்ரிமீற்றரோ அதற்கும் குறைவோதான் நீளம். பெருமழை அதைத் தின்றுவிடும். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழும்பவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அம்மா போன வாரமே ஒருநாள் பேரை விட்டுவிட்டு அப்புத்தளைக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டு வந்தார். காசும் வந்திருக்கிறது.

இன்று சவூதியிலிருந்து சித்தி வீடியோ கோல் எடுத்தார். முகம் அப்படியே உறைந்து நின்றது, குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. பிறகு சாதாரண கோலில் பேசினோம். காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய போன் மத்தியானமே படுத்துவிட்டது. தூரத்து டவரை எட்டுவதற்குப் போன் தன் முழுப் பலத்தையும் போட்டு அலை அனுப்ப வேண்டியிருக்கிறதே. பட்டரி பழுது என்று இங்கே எத்தனையோ பேர் கடையில் காசு கொடுத்து மாற்றுகிறார்கள். அது பட்டரியின் பழுது இல்லை என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் 23, வியாழன்

நேற்று இரவு முழுக்க மழை. ஏழு மணிபோல கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் இஸ்தோப்பு மூலையில் இருந்த ஒரு கோடும் போனது. டவரில் இருக்கும் பட்டரி சில மணித்தியாலங்கள்தான் தாங்கும். நேற்று அதுவும் தாங்கவில்லை.

விடிந்து கவரேஜ் வந்ததும் போன் டிங் டிங் என்று அடித்தது. மண்சரிவு எச்சரிக்கை ஒன்றை யாரோ வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தார்கள், அதுவும் பெரிய படமாக. அது இறங்கவே வெகுநேரம் எடுத்தது. இறங்கிய பிறகு பார்த்தால் முழுவதும் சிங்களம். அனுப்பப்பட்ட நேரம் இரவு எட்டரை. அந்நேரம் நாங்கள் குப்பி விளக்கில் உட்கார்ந்து கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் அவதானமாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் அந்தச் சேதி இரவோடு இரவாக லயத்துக்கு வந்து சேர வேண்டுமே.

ஒக்டோபர் 29, புதன்

மீரியபெத்தை. 2014இல் இதே நாள் காலையில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அந்த மலை ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். காலைக் கூட்டத்தில் ஒரு நிமிடம் நின்றோம்.

பதினொரு வருடம் ஆகிவிட்டது. இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இருந்தும் மழை இரவில் அது ஊமையாகிவிடுகிறது. கொவிட் காலத்தில் பிள்ளைகள் பாடத்துக்காக மலையிலும் மரத்திலும் ஏறியதைப் படம் பிடித்துப் போட்டார்கள், நாடே இரக்கப்பட்டது. அப்புறம் பாடசாலை திறந்தது, படமும் மறந்துபோனது. அதை நினைத்தால் கோபம் வருகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கவரேஜும் எச்சரிக்கையும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதி முடித்தாகிவிட்டது. தோட்டத்துத் தலைவர் பிரட்டுக்களத்தில் (தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடத்தில்) சத்தமாக வாசித்தார், கொழுந்துச் சாக்கோடு நின்ற அக்காமார் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மலை முதுகில் ஒரு சிறு டவராவது வேண்டும், அதன் பட்டரி ஓர் இரவு தாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். எச்சரிக்கையைப் படமாக அனுப்பாமல் தமிழில் எஸ்எம்எஸ்ஸாக அனுப்பச் சொல்லியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான், புள்ளியும் காலும் கொம்பும்கூடத் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ஆகவே ஊர்ப் பெயர், எச்சரிக்கையின் நிறம், எங்கே போக வேண்டும் என்ற மூன்று மட்டும் இருந்தால் போதும் என்று மாதிரிச் செய்தி ஒன்றையும் எழுதிச் சேர்த்தேன். கவரேஜ் இல்லாத இரவுக்குக் கோயிலில் ஒரு சைரன் வேண்டும். இது அம்மா சொன்னது. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் கிடைக்க வேண்டும் என்றும் அவரே சேர்க்கச் சொன்னார்.

நாளை நானும் தலைவரும் ஹல்துமுல்லை பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். ஒரு பிரதி தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் போகும். பாடசாலையில் எனக்கு அரைநாள் லீவு கொடுத்திருக்கிறார்கள்.