வார்ஃப்ரேமில் ஒன்பதாம் ரேங்க் தேர்வும் நான் மாற்றிக்கொண்ட மூன்று ஆயுதங்களும்

வார்ஃப்ரேம் என்ற ஆன்லைன் வீடியோ கேமில் ரேங்க் ஏறுவதற்குப் புள்ளி சேர்த்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ரேங்குக்கும் ஒரு தேர்வில் தேற வேண்டும். தோற்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்பதாம் ரேங்குக்கு 2,02,500 மாஸ்டரி புள்ளிகள் தேவை. ஓர் ஆயுதத்தைப் பழகி முதல் முறை 30-ஆம் லெவல் வரை ஏற்றினால் கிடைப்பது 3,000 மட்டுமே. அந்தத் தேர்வுக்கு வரும்போது பல டஜன் ஆயுதங்கள் கை மாறியிருக்கும். அத்தனையும் பழகிய பிறகும் அங்கே நான் தோற்றேன்.

அது ஒளிந்து கொல்லும் தேர்வு. காவலர்கள் கண்ணில் படாமல் நெருங்கி, கைகலப்பு ஆயுதத்தால் வீழ்த்த வேண்டும். என்னிடம் இருந்ததிலேயே பலமானது காலட்டின் என்ற இரு கைப் பெருவாள். அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அலை அலையாக எதிரிகள் வரும் மிஷன்களில் அது என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. ஆனால் அதன் வீச்சு மெதுவானது. ஒரு வீச்சு தவறினால் வாள் திரும்பி வருவதற்குள் காவலன் திரும்பிவிடுகிறான். இரண்டு முறை இப்படியே ஆனது, இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் நேராகத் தேர்வுக்குப் போகவில்லை. புதன் கிரகத்தில் லாருண்டா ரிலே என்ற விண்வெளி நிலையம் இருக்கிறது. அங்கே சிமரிஸ் என்ற பாத்திரத்தின் அறையில் அடுத்த தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் பழகிப் பார்க்கலாம், தோற்றாலும் காத்திருப்பு கிடையாது. இதைத் தெரியாமல் நாட்களை இழப்பவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து நீங்கள் இழக்காதீர்கள். அங்கே ஃபாங் என்ற இரட்டைக் கத்தியை எடுத்துப் பார்த்தேன். காலட்டினோடு வைத்துப் பார்த்தால் அடியின் பலம் குறைவுதான், ஆனால் கை வேகமாகத் திரும்பும். காவலர்கள் நடக்கும் வழி மனதில் பதிகிற வரை பழகினேன். அன்று மாலையே தேறிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் முதல் மூன்று ரேங்க் தேர்வுகளின் பொருள் எனக்குப் புரிந்தது. முதலாவது பிரைமரி எனும் முதன்மைத் துப்பாக்கிக்கு, இரண்டாவது செகண்டரி எனும் துணை ஆயுதத்துக்கு, மூன்றாவது கைகலப்பு ஆயுதத்துக்கு. மூன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு என்று விளையாட்டு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நான்தான் ஒவ்வோர் இடத்திலும் இருப்பதிலேயே பலமானதை மாட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தைச் சிதறடிக்கும் மூன்று ஆயுதங்கள் கையில் இருந்தன, கவசம் போட்ட ஒற்றை எதிரியைச் சாய்க்க ஒன்றுமில்லை. அதனால் இப்போது லோட்அவுட் (மிஷனுக்கு எடுத்துப்போகும் ஆயுதத் தொகுப்பு) அமைக்கும்போது முதலில் வேலையைப் பிரிக்கிறேன், அப்புறம்தான் ஆயுதம்.

எனக்கு நெடுநாள் உழைத்த ஒரு கூட்டணியைச் சொல்கிறேன். பிரைமரியில் ஹெக். இந்த ஷாட்கனுக்கு நான்காம் ரேங்க் போதும், விளையாட்டின் மார்க்கெட்டிலேயே அதைச் செய்வதற்கான புளூபிரின்ட் கிடைக்கும். ஸ்டீல் மெரிடியன் என்ற சிண்டிகேட் (குழு) தரும் ஸ்காட்டர்டு ஜஸ்டிஸ் மோடை (ஆயுதத்தில் பொருத்தும் மேம்பாட்டு அட்டை) போட்டால் அதன் மல்டிஷாட், அதாவது ஒருமுறை சுட்டால் பாயும் குண்டுகளின் எண்ணிக்கை, 200% கூடும். பெரிய எதிரி அருகில் வந்தால் இதுதான். செகண்டரியில் நூகோர். இதன் கதிர் ஆளைக் கொல்ல வேண்டியதில்லை. எதிரியின் மேல் விதவிதமான ஸ்டேட்டஸ்களை (தீப்பற்றுதல், விஷம் போன்ற பாதிப்புகளை) ஏற்றிவிட்டால் அதன் கடமை முடிந்தது. பிறகு கைகலப்பு ஆயுதத்தில் கண்டிஷன் ஓவர்லோடு மோட். எதிரியின் மேல் எத்தனை வகை ஸ்டேட்டஸ் இருக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை அடியின் பலம் கூடும். நூகோரைத் தனியாகப் பார்த்தால் சுமார்தான், இந்தக் கூட்டணியில் அது இல்லாவிட்டால் வாள் பாதி பலத்தில்தான் நிற்கும்.

ஆயுதத்தைப் பார்க்கும்போது ஆர்சனலில் (ஆயுதங்களை அமைக்கும் திரையில்) டேமேஜ் எண்ணுக்கு முன் கிரிட்டிகல் வாய்ப்பையும் (அடி பல மடங்காகும் வாய்ப்பு) ஸ்டேட்டஸ் வாய்ப்பையும் பாருங்கள். மோட்கள் அடிப்படை எண்ணைத்தான் பெருக்குகின்றன. சோமா துப்பாக்கியின் கிரிட்டிகல் வாய்ப்பு 30%. பாயின்ட் ஸ்ட்ரைக் மோட் அதை 150% கூட்டினால் அது 75% ஆகிறது. அதே மோடை 10% உள்ள துப்பாக்கியில் போட்டால் 25%தான் வரும், மோட் வைக்கும் ஓர் இடம் வீண். எந்தக் குணம் இயல்பிலேயே உயர்ந்திருக்கிறதோ அதை வளர்ப்பதுதான் முறை. இரண்டுமே குறைவான துப்பாக்கியை 30 வரை ஏற்றிப் புள்ளியை வாங்கிக்கொண்டு விற்றுவிடலாம். விற்கும் முன் ஒரு விஷயம்: அது வேறோர் ஆயுதத்துக்கு மூலப்பொருளா என்று பாருங்கள். அக்பிரான்கோ செய்ய இரண்டு பிரான்கோ வேண்டும்.

எலிமென்ட் (அடியின் வகை) விஷயத்தில் பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். 2024 ஜூனில் வந்த ஜேட் ஷேடோஸ் அப்டேட் எதிரிகளின் பலவீனங்களையே மாற்றிவிட்டது. எதிரிப் படைகளில் கிரினீருக்கு இம்பாக்ட், கொரோசிவ் வகை அடிகள்தான் பலவீனம். கார்ப்பஸுக்கு பங்க்சர், மேக்னடிக். இன்ஃபெஸ்டட் கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்லாஷ், ஹீட். கோல்டும் டாக்சினும் சேர்ந்தால் வைரல், எலக்ட்ரிசிட்டியும் டாக்சினும் சேர்ந்தால் கொரோசிவ். இதில் பலரும் சறுக்கும் இடம் மோட்களை வைக்கும் வரிசை. மேல் வரிசையில் தொடங்கி இடமிருந்து வலமாகத்தான் எலிமென்ட்கள் ஜோடி சேரும். மூன்று எலிமென்ட் போடும்போது வரிசை பிசகினால் நீங்கள் நினைத்தது வராது. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஏ, பி, சி என்று மூன்று அமைப்புகள் உண்டு. நான் ஏ-வில் கிரினீருக்கும் பி-யில் கார்ப்பஸுக்கும் வைத்திருக்கிறேன்.

மோடை உயர்த்துவதிலும் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் செலவு இரட்டிப்பாகும். ரைஃபிளின் டேமேஜைக் கூட்டும் செரேஷன் மோட் பத்தாம் படியில் 165% தரும், எட்டாம் படியில் 135%. அந்தக் கடைசி இரண்டு படிகளுக்கு ஆகும் செலவில் எட்டாம் படி மோட்கள் மூன்றைச் செய்துவிடலாம். புதிதாக வருகிறவர்கள் எட்டிலேயே நிறுத்தி, செகண்டரியின் ஹார்னெட் ஸ்ட்ரைக்கையும் கைகலப்பின் பிரஷர் பாயின்டையும் கவனியுங்கள். மூன்று ஆயுதமும் ஒரே சீராக நிற்கும்.

ஆரம்பத்தில் கிடைக்கும் 50 பிளாட்டினத்தை (விளையாட்டின் நாணயம்) அழகு சாதனங்களுக்குச் செலவழிக்காதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். 12 பிளாட்டினத்துக்கு இரண்டு ஆயுத ஸ்லாட் (ஆயுதம் வைக்கும் இடம்) கிடைக்கும். ஸ்லாட் இல்லாவிட்டால் பிடித்த ஆயுதத்தை விற்றுத்தான் புதியதைப் பழக வேண்டியிருக்கும். ஆட்டக்காரர்கள் பொட்டேட்டோ என்று செல்லமாகச் சொல்லும் ஓரோகின் கேட்டலிஸ்ட், ஆயுதத்தின் மோட் கொள்ளளவை இரட்டிப்பாக்கும். அதை முதல் வாரத்தில் கையில் இருப்பதற்குப் போட்டுவிடாதீர்கள். பத்துப் பதினைந்து மிஷன்களுக்குப் பிறகும் கை தானாக எந்த ஆயுதத்தைத் தேடிப் போகிறதோ அதற்கு வையுங்கள். மோட் இடத்தின் தன்மையை மாற்றும் ஃபோர்மாவைப் போட்டால் ஆயுதம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஏற வேண்டும், புள்ளி இரண்டாம் முறை கிடைக்காது. அந்த உழைப்புக்குத் தகுதியான ஆயுதம் ஒரு சிலதான்.

ஒரு லோட்அவுட் சரியா என்று பார்க்க நான் உண்மையான மிஷனுக்குப் போவதில்லை. சிமரிஸிடம் ஸ்டாண்டிங் (அவரிடம் சேர்த்த நற்பெயர்ப் புள்ளி) கொடுத்து சிமுலாக்ரம் என்ற பயிற்சி அரங்கின் சாவியை வாங்கிவிட்டால், நமக்குத் தேவையான எதிரியைத் தேவையான லெவலில் நிறுத்திப் பார்க்கலாம். கவசம் போட்ட கிரினீர் ஆட்கள் சிலரை நிறுத்துவேன். முதலில் செகண்டரி, உடனே வாள், மிச்சமிருந்தால் ஹெக். ஆயுதம் மாற்றும் இடத்தில் கை தடுமாறினால், அந்த மூன்றில் ஒன்று இடம் மாற வேண்டும் என்று குறித்துக்கொள்வேன். ஒத்து வந்த லோட்அவுட்டுக்கு அதன் வேலையையே பெயராக வைத்துச் சேமிப்பேன். "ஒளிந்து கொல்ல" என்ற பெயரில் ஃபாங் இன்னும் என் ஆர்சனலில் இருக்கிறது.