ஆம்னி ஆக்சிலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

குன்னூரில் என் பட்டறைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் ஜீப்பும் பிக்கப்பும்தான். கோத்தகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர், "கார் நானே கட்டுறேன், சஸ்பென்ஷனை மட்டும் நீங்க பாருங்கண்ணா" என்று வந்தபோது சும்மா இருக்க முடியவில்லை. 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் மாதிரி, குழாய்ச் சட்டத்தில் இரண்டே சீட். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய மாருதி ஆம்னியினுடையது, 796 சிசி.

அவர் போட்டு வைத்திருந்த படத்தில் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. முன்பக்கத்தில் எனக்கும் அதே எண்ணம். ஆம்னியின் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த உயரமான தூண்) அப்படியே மாட்டினால் பானட்டை அதன் உச்சிக்கு மேல் தூக்க வேண்டிவரும். விஷ்போனில் மேல் ஆர்மைக் குட்டையாக வைத்தால், வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து டயர் தரையில் நன்றாகப் படியும். சிக்கல் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் இருந்தது. ஸ்ட்ரட்டுக்கென்று வார்த்த நக்கிளில் மேல் ஆர்மை இணைக்கும் பால் ஜாயிண்டுக்கு இடமே கிடையாது. லேத்தில் ஒரு பிராக்கெட் செய்து ஸ்ட்ரட் உட்காரும் இடத்தில் பொருத்தினோம். அந்த ஜாயிண்ட் நின்ற உயரம்தான் ஆர்மின் நீளம், சட்டத்தில் ஆர்மை மாட்டும் புஷ் வரும் இடம் எல்லாவற்றையும் தீர்மானித்தது. புத்தகத்தில் படிப்பவர்கள் ரோல் சென்டரில், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது என்பதில், தொடங்குவார்கள். பட்டறையில் கையில் இருக்கும் நக்கிளில்தான் தொடங்க முடியும்.

பின்பக்கத்துக்குத்தான் சண்டை. நான் சொன்னது ஆம்னியின் லைவ் ஆக்சிலை, அதாவது இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் ஒரே அச்சை, அப்படியே போடலாம் என்று. "லைவ் ஆக்சில் போட்டா சிரிப்பாங்கண்ணா" என்றார். முதல் செவனிலேயே பின்னால் லைவ் ஆக்சில்தான் என்றேன். ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் அதிகம், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் ஆடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஆம்னி ஆக்சில் சின்ன வண்டியுடையது, அவ்வளவு கனமில்லை. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆட வேண்டும் என்றால், எஞ்சின் சக்தியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைச் சட்டத்தில் தொங்கவிட்டு, டிரைவ் ஷாஃப்ட், ஹப் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். அதில் ஒரு வெல்டிங் விட்டால் எங்கே போய் நிற்போம் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆக்சிலை வைத்துக்கொண்டு, ஆம்னியின் பட்டை ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டோம். முன்பின் அசையாமல் பிடிக்க நான்கு லிங்க், பக்கவாட்டில் பிடிக்க ஒரு பன்ஹார்ட் ராடு, பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங்.

ஸ்பிரிங் விறைப்பு விஷயத்தில் அவரை ஒப்புக்கொள்ள வைப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. ரேஸ் கார் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அவருக்கு ஊட்டி–மசினகுடி வழியில் கல்லட்டி மலைப்பாதையில் ஓட்டத்தான் ஆசை. அதன் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முதல் கியரில் திரும்பும்போது பின்பக்கம் விறைப்பாக இருந்தால் உள்பக்கச் சக்கரத்தின் பிடி குறையும். சாதா டிஃபரன்ஷியல் ஆனதால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. அதனால் பின்னால் ஆன்டி ரோல் பாரே (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) வைக்கவில்லை.

ஸ்பிரிங்கில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குவதும் சரிப்படாது. முன்பக்கம் சக்கரம் 10 மி.மீ. எழும்பும்போது ஸ்பிரிங் 7 மி.மீ.தான் அமுங்குகிறது என்றால், 0.7-ஐ 0.7-ஆல் பெருக்க வேண்டும்; வருவது 0.49. ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதிகூடச் சக்கரத்துக்கு வந்து சேராது.

பொதுச் சாலையில் ஓட்ட ரிஜிஸ்ட்ரேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. புது மாதிரி வண்டி என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். தனி ஆளுக்கு ஆகிற காரியமா? கல்லட்டி ஆசையை அவர் விட்டுவிட்டார். எஸ்டேட்டின் சொந்தப் பாதையில் ஓட்டுகிறார். கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோகத் திட்டம். அந்த வழவழத் தரைக்கு விறைப்பான ஸ்பிரிங் கேட்டார். சரி, இன்னொரு செட் வாங்கி வையுங்கள், ஷாக்கையும் அதற்கேற்ற மாதிரி இறுக்க வேண்டும், மேலே திரும்பி வந்ததும் பழையதை மாட்டிவிடலாம் என்றேன். முன்பக்கத்துக்கு வாங்கிவிட்டார். பின்பக்கத்துக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.